பந்தலுக்கு வரும் குருவிகள்

வீட்டுத்தோட்டத்துல அவரை எத்தனை கிலோ காய்ச்சதுன்னு கணக்கு எழுதுறோம். அங்கே வர்ற குருவிகளைக் கவனிக்கிறோமா? காலையில் பாத்திரம் துலக்கும்போது பந்தல் பக்கம் பாருங்க. தவிட்டுக்குருவிகள் ஆறேழு சேர்ந்து, நம்ம குழுக்கூட்டம் மாதிரியே சத்தம் போட்டுக்கிட்டு, சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். குஞ்சுக்கு ஊட்டுறது நம்ம செடிப் புழுவைத்தான். நாம மருந்து அடிச்சா அந்த விஷமும் குஞ்சு வாய்க்குள் போகுது. எலிமருந்தும் அப்படித்தான், விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாகலாம்.

50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளிங்க. அதற்கு முன்னாடி இலைக்குள் கூடு இருக்கான்னு பார்த்துட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்க.