வேடக் களத்தில் தலைமை

பெங்களூர் மர்பி டவுனில் வாழும் நம் இல்லங்களில், இளைஞர் கணினியில் வேடம் பூண்டு, முகமறியாத் தோழருடன் குழு அமைத்து ஆடக் காண்கிறோம். அதனை வீண்பொழுது என ஒதுக்கலாகாது. அங்கும் தலைமை உண்டு.

ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று 2003-இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தில், 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்னும் பெருங்கூட்டணி 2009 பிப்ரவரியில் கலைந்தது. படை தோற்றதால் அன்று. நிருவாகி ஒருவர் பகைவர் பக்கம் சேர்ந்து, தம் அதிகாரத்தால் அதனைக் கலைத்துவிட்டார். தடுக்க எவருக்கும் வழியில்லை.

இவ்விடரை உத்திரமேரூர் அவையினர் அன்றே எண்ணியிருந்தனர். பராந்தக சோழர் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரியப் பதவி 360 நாளே. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது.

ஆகவே, இளைஞரிடம் 'வென்றீர்களா?' என்பதோடு, 'முடிவு செய்பவர் யார்? அவர் தவறினால் தடுப்பவர் யார்?' என்றும் கேட்போம். நம் சங்கங்களையும் அவ்வாறே கேட்போம்.