கடற்கரை விடுதியில் ஒரு திருமணம்: கண்டதும் கருதியதும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற தை மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் நடைபெற்ற திருமணத்தைப் பற்றி அருப்புக்கோட்டைக் கடைவீதியிலும் திருச்சுழிப் பேருந்து நிலையத்திலும் பலவாறாகப் பேசப்பட்டதை நாங்கள் அறிவோம். கடலுக்குள் நிகாஹ் நடந்தது என்றார் ஒருவர். மது பரிமாறப்பட்டது என்றார் இன்னொருவர். ஆகவே, நடந்ததை நடந்தபடியே இச்சபையில் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தற்காப்புக்காக நாங்கள் இங்கு நிற்கவில்லை. எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றும் இதில் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் நிகாஹ். அது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நம் பள்ளிவாசலிலேயே நடந்தேறியது. மஹர் தொகை சபையில் அறிவிக்கப்பட்டு, நமது ஜமாஅத் தஃப்தரில் பதியப்பட்டு, மாப்பிள்ளை வீட்டு ஜமாஅத்தின் தடையில்லாக் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டில் நிகாஹ் வைத்துக்கொண்டு பின்னர் பதிவுக்கும் சான்றிதழுக்கும் அலைந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சிக்கல் வேண்டாமென்று இரு வீட்டாரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். அதன் மறுநாள் மதுரையிலிருந்து விமானமேறி, இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டையில் ஒரு விடுதியில் நான்கு இரவுகள் தங்கினோம். வலீமா விருந்து அங்குதான் நடந்தது.

இலங்கை ஏன் என்று கேட்டவர்கள் பலர். வளைகுடாவில் இருக்கும் எங்கள் சகோதரர்தாம் மணமகளின் தகப்பனார். எங்கள் அத்தா 1950களில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மானாமதுரை வரை பஸ்ஸில் போய், அங்கே போட் மெயிலைப் பிடித்து, மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவார்களாம். 1914இல் தொடங்கிய அந்த வழி, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அத்தா 1965இல் ஒரு தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பினார்கள். அத்தா நடந்த மண்ணில் பேத்தியின் விருந்து நடக்க வேண்டும் என்பது சகோதரரின் நெடுநாள் ஆசை. வளைகுடாவிலிருந்து வருவோருக்கும் மதுரையிலிருந்து செல்வோருக்கும் அங்கே வந்து சேர்வது எளிது என்பதும் ஒரு காரணம். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணந்தான். நம்மில் பலர் பஸ்ஸில் இராமநாதபுரம் போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவு!

இனி அந்த விடுதியின் முறையைச் சொல்கிறோம். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அறை, மூன்று வேளை உணவு, இடைவேளைத் தேநீர், குளிர்பானம், நீச்சல் குளம் அனைத்தும் அதனுள் அடக்கம். உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை கட்டிவிடுகிறார்கள். பிறகு எங்கும் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. இம்முறையின் வித்து 1950இல் இடப்பட்டது. ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியர் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் கூடாரங்கள் அடித்துத் தொடங்கிய கிளப் மெட் என்னும் நிறுவனம் அது. உபரிச் செலவுக்கு அங்கே பணத்திற்குப் பதில் பாசிமணிகள் வழங்கியதும் உண்டு. பின்னர் ஜமைக்காவில் 1981இல் தொடங்கிய சாண்டல்ஸ் விடுதிகள், மணமக்களையே குறிவைத்து இம்முறையை உலகறியச் செய்தன. நம் பக்கத்தில், மாலத்தீவில் 1972இல் குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்டது. பெந்தோட்டையை 1960களின் இறுதியிலிருந்து இலங்கை அரசே திட்டமிட்டு உல்லாசப் பயணத் தலமாக்கியது.

ஒரே தொகை வாங்கிக்கொண்டு இவ்வளவும் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எங்கள் வணிகர்கள் முதல் நாளே ஆராயத் தொடங்கிவிட்டார்கள். விடை மூன்றாம் நாள் தெரிந்தது. முதல் நாள் தட்டில் மலைபோல் குவித்தவர்கள், மூன்றாம் நாள் இரண்டு இடியாப்பத்தோடு எழுந்துவிட்டார்கள்! மனிதனின் வயிறு ஒரு சாண்தான் என்பதை விடுதிக்காரர் நன்கு அறிவார். மேலும், எல்லாம் உள்ளேயே கிடைப்பதால் விருந்தினர் வெளியே போவதில்லை. வாயிலுக்கு வெளியே இளநீர் விற்பவரும் ஆட்டோ ஓட்டுநரும் காத்தே கிடக்கிறார்கள். கடை வைத்துப் பிழைத்த அத்தாவின் பிள்ளைகளான எங்களுக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

மது பற்றிய பேச்சுக்கு வருவோம். அவ்விடுதியின் ஒரே தொகைக்குள் மதுபானமும் அடக்கம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதற்கும் சேர்த்தே விலை. இதை ஒப்பந்தத் தாளில் பார்த்ததும் எங்களுக்குத் திக்கென்றது. நம் பேஷ் இமாம் அவர்களிடம் சென்றோம். “வாங்காத பொருளின் பெயர் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கலாகாது. நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்” என்றார்கள். விடுதியார் முதலில் விலை குறையாது என்றார்கள். பத்து நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பின், மதுவை எழுத்தில் நீக்கி, அதற்கு ஈடாகப் பழச்சாறும் பெந்தோட்டை ஆற்றில் படகுப் பயணமும் தர இசைந்தார்கள். எங்கள் விருந்து மண்டபத்திற்குள் அது வரவில்லை. ஆனால் பொது உணவுக்கூடத்தில் பிற விருந்தினர் அருந்தியதை எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். அதை எங்களால் தடுக்க முடியவில்லை. இத்தகைய இடங்களுக்குப் போக எண்ணுவோர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். கட்டிய பின் நம் பேச்சு எடுபடாது. இறைச்சியைப் பற்றியும் அவ்வாறே எழுத்தில் கேட்டுப் பெற்றோம்.

குறைகளைக் கணக்கெடுக்கவே போனவர்கள் நாங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரண்டாம் நாள் மாலை ஒரு காட்சி எங்கள் வாயை அடைத்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேர் கடலைப் பார்த்து வரிசையாக அமர்ந்திருந்தார்கள். சும்மா அமர்ந்திருந்தார்கள். வீட்டுத் திருமணம் ஒன்றில் பெண்கள் அமர்ந்திருந்ததை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. நம்மூரில் பண்டாரி தேக்சாவை அடுப்பிலேற்றுவது இரவு இரண்டு மணிக்கு என்றால், அதற்கு முன் பூண்டு உரித்து, இஞ்சி சுரண்டி, வெங்காயம் அரிந்து, வந்தவர்களுக்குப் படுக்கை விரித்து, காலையில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, பந்தி முடிந்து மிஞ்சியதில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? எங்கள் வீட்டு மூத்த மருமகள் சொன்னார்: “எம் மகன் கல்யாணத்துல பொண்ணு மொகத்தையே நான் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் பாத்தேன்.” இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் நல்லதாகப்பட்டது. அங்கே முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்பதில்லை. காரில் வந்தவருக்கும் பஸ்ஸில் வந்தவருக்கும் ஒரே பட்டை, ஒரே மேசை. ஒரு சஹனில் ஒன்றாக உண்பதை நாமும் போற்றுகிறோம். ஆயினும் நம் மண்டபங்களில் யார் எந்தப் பந்தியில் அமர்த்தப்படுகிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம்.

ஆனால் வாயிலுக்கு உள்ளே வந்தவர்களுக்குத்தான் அந்தச் சமத்துவம். வாயிலுக்கு இப்பால் நின்றுவிட்டவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

அறைச் செலவு முழுவதையும் சகோதரர் ஏற்றார். விமானக் கட்டணம் அவரவருடையது என்று பேச்சு. நூற்றிருபது பேரை அழைத்தோம். வந்தவர்கள் எழுபத்தொருவர். வராதவர்களில் ஒருவர் நரிக்குடிப் பக்கம் மிளகாய் பறிப்பு நடக்கிறது என்றார். ஒருவர் சர்க்கரை கூடிவிட்டது என்றார். ஒருவர் பிள்ளைக்குத் தேர்வு என்றார். எல்லாம் நம்பும்படியே இருந்தன. நாங்களும் நம்பினோம். ஊர் திரும்பிய பிறகே, மிளகாய் பறித்ததாகச் சொன்னவர் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பயணச்சீட்டு வாங்கப் போய், பாதி வழியில் மனம் மாறித் திரும்பியவர் என்று தெரிந்தது. நம் கரிசல் பூமியில் ஒரு மழை பொய்த்தால் ஒரு வருடம் பின்தங்கும் குடும்பங்கள் எத்தனை என்பது இச்சபைக்குத் தெரியாததன்று. அழைப்பிதழ் கொடுத்த எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மூத்த சகோதரியார், பிள்ளைகள் எல்லோருக்கும் பெரிய குப்பி, திருச்சுழிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அத்தா கொழும்பில் இருந்த காலத்திலும், பின்னர் அம்மா நோயில் கிடந்த காலத்திலும் எங்களை வளர்த்தவர். அவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. குடும்ப அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்துப் பிழை. பிறப்புச் சான்று எடுத்தவரே இல்லை. நான்கு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் முடித்திருக்கலாம். அறை, விமானம், பழச்சாறு என்று எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதிய நாங்கள், அக்காவின் தாள்களைக் கையிலெடுத்தது பயணத்திற்கு ஐந்து வாரம் இருக்கையில்தான். இதுவே நாங்கள் முதலில் குறிப்பிட்ட தவறு.

நிகாஹ் அன்று பள்ளிக்கு வந்து துஆவில் கலந்துகொண்டார். மறுநாள் வேன் புறப்படும்போது சகோதரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாஸ்போர்ட்டு இல்லாதவ இந்தக் கல்யாணத்துக்கு வேண்டாதவளா தம்பி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்ததனால் நாங்களும் சிரித்துவிட்டு வேனில் ஏறினோம்.

பெந்தோட்டையில் மூன்றாம் நாள், பக்கத்திலுள்ள பேருவளைக்குச் சென்றோம். கடலுக்குள் நீண்ட பாறை முனையில் நிற்கும் கெச்சிமலைப் பள்ளியைக் கண்டோம். எங்களை அழைத்துச் சென்ற விடுதி ஊழியர் தர்கா நகரைச் சேர்ந்த இளைஞர். நாம் பேசும் தமிழுக்கும் அவர் தமிழுக்கும் கொஞ்சமே வேற்றுமை. 2014 ஜூன் மாதக் கலவரத்தில் அளுத்கமையிலும் தர்கா நகரிலும் பேருவளையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும் உயிர்கள் போனதையும் அவர் வண்டி ஓட்டியபடியே சொன்னார். அந்தத் தெருக்கள் எங்கள் விடுதியின் நீச்சல் குளத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரந்தான். கையில் பட்டையோடு உள்ளேயே இருந்திருந்தால் அதை அறிந்திருக்கவே மாட்டோம். அன்று லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் சகோதரர் படியில் அமர்ந்து அழுதார். அத்தாவை நினைத்து என்று நாங்கள் எண்ணினோம். “அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கணும்” என்றார்.

திரும்பிய பத்தாம் நாள், அக்காவின் கிராமத்தில் ஒரு சாப்பாடு வைத்தோம். வராமல் போனவர்கள் அனைவரும் வந்தார்கள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் மட்டுமே. வெங்காயம் அரிய அருப்புக்கோட்டையிலிருந்து கூலிக்கு நான்கு பேரை வைத்திருந்தோம். பெண்களை அமரச் சொன்னோம். எல்லோரும் அமர்ந்தார்கள், அக்காவைத் தவிர. “கூலிக்கு வந்தவளுக வெங்காயத்தைத் தடிமனா அரியிறாளுக” என்று அரிவாள்மனையை வாங்கிக்கொண்டார்.

இப்போது சபையின் முன் ஒரு வேண்டுகோள். பெந்தோட்டைக்கு இனி எவரும் போகக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. போட்டாலும் நிற்காது. மாறாக, நம் ஜமாஅத் மஹாலின் பின்புறம் காலியாகக் கிடக்கும் இடத்தில், வெளியூர் விருந்தினர் தங்கக் குளியலறையுடன் கூடிய எட்டு அறைகள் கட்டலாம். அறை, பண்டாரி, காய் அரிவோர், பரிமாறுவோர், மறுநாள் துப்புரவு அனைத்தையும் சேர்த்து ஒரே தொகையாக ஜமாஅத்தே நிர்ணயிக்கலாம். வசதியுள்ளவருக்கு ஒரு தொகை, இல்லாதவருக்குப் பைத்துல்மாலிலிருந்து ஈடு. ஆனால் இருவருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும். குடிநீருக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்த ஊர் இது. மஹாலின் கூரைநீரைச் சேமிக்கும் தொட்டி அறைகளுக்கு முன்பே கட்டப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதல் அறைக்கான செலவை எங்கள் சகோதரர் ஏற்பதாக எழுதிக் கொடுத்துள்ளார். அக்கடிதம் செயலாளரிடம் உள்ளது.

அக்காவின் கடவுச்சீட்டு ரமலானுக்கு முன் வந்துவிட்டது. உம்ராவுக்குப் போவதாக இருக்கிறார். கூட யார் போவது என்பதில்தான் இப்போது வீட்டில் வழக்கு.

வஸ்ஸலாம்.