குத்தகைப் பணம் மட்டும் செலவல்ல
(உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நகரத்தை ஒட்டிய ஊர்களில் 10 சென்ட், 20 சென்ட் என்று குத்தகைக்குப் பிடித்துக் கீரையும் காய்கறியும் போடுவோர் உங்களில் பலர் இருக்கிறீர்கள். சொந்தத்தில் அரை ஏக்கர் மானாவாரி இருக்கும், தண்ணீர் இருக்காது. கிணறு உள்ள ஒருவரிடம் போய், "அந்த மூலையை எனக்கு விடுங்கள்" என்று கேட்பீர்கள். "வருஷத்துக்கு இவ்வளவு கொடு" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த "இவ்வளவு" என்பதே மொத்தச் செலவு என்று எண்ணி நிலத்தில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். அது செலவில் ஒரு பங்கு. மற்றதையும் இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பரப்பு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி இருக்க வேண்டும். டேப்பு பிடித்து அளந்து பாருங்கள். நிலத்துக்காரர் சொல்லும் 20 சென்டில் மோட்டார் கொட்டகையும் வண்டிப்பாதையும் வேப்பமர நிழலும் அடங்கியிருக்கும். வரப்பு, வாய்க்கால் போகப் பாத்தி கட்டுவதற்கு 16 சென்ட் மிஞ்சுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வருடக் குத்தகை 4,000 ரூபாய் என்றால், சென்டுக்கு நீங்கள் கொடுப்பது 200 அல்ல, 250 ரூபாய். நான் சொல்லும் தொகைகள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லையே, தண்ணீருக்கு ஏன் பணம் என்று கேட்கலாம். கிணறு வெட்டியவரும் மோட்டார் வைத்தவரும் அவர். அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்பதை முன்பே பேசிக் கொள்ள வேண்டும். மோட்டார் காயில் எரிந்தால் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். கிணற்றைக் கார்த்திகையில் பார்த்துவிட்டுக் குத்தகை பேசாதீர்கள். பங்குனி, சித்திரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வைப்பதே மேல். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள்.

சும்மா கிடந்த நிலமானால் கோரையும் அருகும் மண்டியிருக்கும். கோரைக் கிழங்கு ஒரு களையெடுப்பில் ஒழியாது. முதல் பருவக் கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். இப்படிப்பட்ட நிலத்துக்கு முதல் ஆறு மாதக் குத்தகையைத் தள்ளித் தருமாறு கேட்பது நியாயமே. பலர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இனி எரு. காய்கறிப் பயிருக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம் இடச் சொல்கிறோம். ஏக்கருக்கு 10 டன். 20 சென்டுக்கு 2 டன். அதிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதமே முதல் பயிருக்குக் கிடைக்கும். மீதி மெல்ல மெல்ல மண்ணில் மக்கிப் பின்வரும் பயிர்களுக்குப் போய்ச் சேரும். ஓராண்டுக் குத்தகையில் 2 டன் எரு கொட்டிவிட்டு வெளியேறுகிறவர், அடுத்து வருகிறவருக்கு உரமிட்டுப் போகிறார் என்றே பொருள்.

இப்போது கூட்டுவோம். குத்தகை 4,000, தண்ணீர் 3,000, நிலம் திருத்த 3,000, எரு 3,000. ஆக 13,000 ரூபாய். இதில் குத்தகை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வருடத்துக்கு ஒரு நிலமாக மாறிக் கொண்டிருப்பவர் ஒவ்வொரு வருடமும் இந்த 13,000-ஐக் கொடுக்கிறார். அதே நிலத்தை மூன்று ஆண்டுக்குப் பேசினால், திருத்தும் செலவு ஒரே முறை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் எருவைப் பாதியாகக் குறைக்கலாம். குத்தகையை 5,000 ஆக உயர்த்திக் கொடுத்தாலும் மூன்று ஆண்டுக்கு 33,000 தான், ஆண்டுக்கு 11,000. எனவே நூறு இருநூறு குறைக்கப் பேரம் பேசுவதைவிட, ஆண்டுகளைக் கூட்டப் பேரம் பேசுங்கள். ஓராண்டுக்கு மேல் கிடைக்காது என்றால் எருவை அளவோடு இட்டு, விரைவில் சத்தைக் கொடுக்கும் கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

எழுத்தில் எழுதச் சொன்னால் நிலத்துக்காரர் தயங்குவார். தம் உடலுழைப்பால் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. நிலம் திரும்பாமல் போய்விடுமோ என்பது அவரது அச்சம். 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, சாதாரண மகசூலில் 25 சதவீதமே நிலத்துக்காரர் பங்கு என்று உள்ளது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் சேர்க்க 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எழுத்து இல்லாததால் இழப்பு யாருக்கு என்று பாருங்கள். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகை விவசாயியும் சேரலாம்; ஆனால் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்பதற்குச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கடனுக்குச் சான்று கிடைக்காதவர்கள் நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியை அணுகலாம். எதுவும் இயலாவிட்டாலும், கொடுக்கும் பணத்துக்குத் தேதியிட்ட ரசீதாவது வாங்கி வையுங்கள்.

பேசும்போதே இன்னொன்றையும் முடித்துக் கொள்ளுங்கள். கெடு முடியும் நாளில் வயலில் நிற்கும் பயிர் யாருடையது? கத்தரி நட்டுக் காய்ப்பு நடக்கும்போது கெடு வந்துவிட்டால், கடைசிப் பறிப்பு வரை தண்ணீரோடு விட வேண்டும் என்று இருவரும் ஒப்புக் கொள்ள வேண்டும். அப்படி ஒப்பாவிட்டால், கெடுவுக்கு முந்திய இரண்டு மாதங்களில் கீரையைத் தவிர வேறெதையும் விதைக்காதீர்கள். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.