கல்லமேட்டுப் பல்



பெரம்பலூர் வட்டாரத்து மாணவர் சிலர் ஒருநாள் உருண்டைக் கல்லொன்றைத் துணியில் பொதிந்து என்னிடம் கொணர்ந்தனர். "ஐயா, இது டைனோசர் முட்டைதானே?" என்று ஆவலுடன் வினவினர். பண்டைக் கடலடியிற் படிந்த மண் திரண்டு இறுகிய கல்லே அது என்றேன். அவர்கள் முகம் வாடிற்று. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பாறைகளுட் பெரும்பாலானவை கடலிற் படிந்தவை. அதனாலேதான் அங்கே அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் மிகுதியாகக் கிடைக்கின்றன. கல்லமேட்டுப் படிவோ நிலத்து ஆறுகள் கொணர்ந்த வண்டல். வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் அங்கே மாபெரும் எலும்புகள் கிடைத்ததை உலகுக்கு அறிவித்தனர். கீழ்க்கால் எலும்பு ஒன்றே ஏறத்தாழ 2 மீட்டர்! முதலில் ஊனுண்ணி என எண்ணப்பட்ட அவ்விலங்கு, பின்னர்த் தழையுண்ணி எனக் கருதப்பட்டது. ஐயத்தைத் தீர்க்க இன்று அவ்வெலும்புகள் இல்லை, அவை பொடிந்துபோயின. எஞ்சியவை படங்களே.

அதே கல்லமேட்டிலிருந்து 2013இல் அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் முதலிய ஆய்வாளர் சின்னஞ்சிறு பல்லொன்றை அறிவித்தனர். ட்ரூடான்டிட் என்னும் சிறிய வேட்டை டைனோசர்க் குடும்பத்தினது அது என்பது அவர்தம் முடிபு. டைனோசர்கள் வாழ்நாள் முழுதும் பல் உதிர்த்துப் பல் முளைத்தவை. பல்லின் மேற்பூச்சோ எலும்பினும் வலியது. ஆதலின், மென்மையான எலும்புகள் அழிந்த இடத்திலும் பல் நிலைக்கின்றது. இத்தகைய சிறுபொருளைத் தேடுவோர் மண்ணை நீரிற் கரைத்து நுண்சல்லடையில் அரித்து, எஞ்சியதை உருப்பெருக்கியின்கீழ் ஒவ்வொரு மணியாக ஆராய்வர்.

அக்குடும்பம் அதுவரை வடபுலக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இந்தியாவோ அக்காலத்தில் கடல் சூழ்ந்து விலகி நின்ற நிலம். அச்சிறு வேட்டைவிலங்கு இங்கு வந்தது எவ்வாறு? கண்டங்கள் பிரியுமுன்பே பரவியதா, பின்னர்க் கடல் கடந்ததா? ஒரு பல்லைக்கொண்டு முடிவு கூறுதல் அரிது. வேறு படிவங்கள் கிடைத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, அவை உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கக்கூடும். ஐயத்துக்குரிய எதனையும் பெயர்த்தெடாதீர், உடையாதீர். கிடந்த இடத்தையும் மண்ணின் அடுக்கையும் குறித்து, படம் பிடித்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கோ கல்லூரி நிலவியல் ஆசிரியருக்கோ தெரிவியுங்கள். இடம் அறியாத படிவம் முகவரியற்ற கடிதமே. பெரிய எலும்பை நாம் இழந்தோம். சிறிய பல்லையேனும் இழவாதிருப்போம்.