திப்பிக்குள் சிக்கிய மாவு

சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. காய்ந்த திப்பியின் எடையில் ஏறக்குறையப் பாதி இன்னும் மாவுச்சத்தே. நார்ச்சுவருக்குள் சிக்கிய அந்த மாவை அரவை எட்டுவதில்லை. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், பெக்டின் எனும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளாலான அந்தச் சுவரை உடைப்பது பூஞ்சைகளுக்குக் கைவந்த கலை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத்தை அரித்த டிரைக்கோடெர்மா ரீசியின் வாரிசுகள்தாம் இன்று ஆலைகளில் செல்லுலேஸ் நொதியைச் சுரக்கின்றன. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து கடிக்கும். மற்றொன்று துண்டுகளைக் குளுக்கோஸாக்கும். ஒன்று மட்டும் போதாது, கூட்டமாகத்தான் வேலை நடக்கும்.

ஆகவே நாமக்கல் கோழித் தீவனத்தில் திப்பியைச் சேர்க்கும்போது இந்த நொதிகளையும் சேர்ப்பதே அறிவு என்பேன். மாவைக் கோழியே செரிக்குமே என்று கேட்கலாம். செரிக்கும்; ஆனால் செல்லுலோஸ் சுவரைத் திறக்கும் நொதி கோழியின் உடலில் சுரப்பதில்லை. செலவு கூடாதா? கூடும். மக்காச்சோளம் மலிவாக இருக்கும் காலத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். திப்பியில் புரதம் மிகக் குறைவு என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். நொதி அதை ஈடுகட்டாது. தீவன மக்காச்சோளத்தில் ஒரு பங்கைத்தான் திப்பி ஈடுசெய்யும், புரதம் தரும் சோயாவை அல்ல. ஈரத் திப்பியைக் களத்தில் சரியாக உலர்த்தாவிட்டால் வேறொரு பூஞ்சை முந்திக்கொண்டு அஃப்ளடாக்சின் நஞ்சைச் சேர்த்துவிடும்; அதற்கு எந்தச் செல்லுலேஸும் மருந்தல்ல.