பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள்

(மும்பையில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "எம்.ஜி.ஆர். என்ன செய்துவிட்டார்? சர்க்கார் பணத்தில் சோறு போட்டார், ஓட்டு வாங்கினார். அவ்வளவுதானே?" அன்று நேரமில்லை. இன்று பதில் சொல்கிறேன்.

1956இல் பள்ளி மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றவர் பெருந்தலைவர் காமராசர். அந்தப் பெருமை அவருக்கே உரியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்கூடம் அறியாத 2 வயதுக் குழந்தையையும் பந்தியில் உட்கார வைத்தது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டில் நகரங்கள், 1984இல் 15 வயதுப் பிள்ளைகள் வரை.

இதில் வைத்தியம் எங்கே என்கிறீர்களா? வயிறு காய்ந்த குழந்தைக்குப் பேதி கண்டால் தாங்குமா? சோறுதான் முதல் மருந்து. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குத் தனியாகச் சத்துணவு கொடுத்தார்கள். நோய் வருமுன் தடுக்கும் வேலை இல்லையா இது?

குறையே இல்லையா? உண்டு. 1981இல் மதுவிலக்கு தளர்ந்தது. அப்பன் கூலி சாராயக் கடைக்குப் போனால், பிள்ளை தின்ற சோற்றின் பலனில் பாதி போயிற்று. அதை மூடி மறைக்க நான் வரவில்லை.

ஆனால் சோறு வீண் செலவென்றால், பின்னால் வந்தவர்கள் ஏன் நிறுத்தவில்லை? எதிரணியில் நின்ற கலைஞர் 1989இல் ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சோற்றோடு முட்டையைச் சேர்த்தார். 2022இல் காலை உணவும் வந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போட உத்தரவிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது.

தாய்மார்களே! விடியுமுன் வேலைக்கு ஓடுகிறீர்கள். இங்கே மாநகராட்சிப் பள்ளியில் உங்கள் பிள்ளை தின்னும் கிச்சடி யாரும் போடும் பிச்சையல்ல. பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அரிசி நல்லதா, பருப்பு இருக்கிறதா, தினமும் போடுகிறார்களா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

1917இல் இலங்கையில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, வயிற்றுப் பாட்டுக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்த பிள்ளை எம்.ஜி.ஆர். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அந்தப் பசி தெரியும். அவரை விமரிசிப்போம், தப்பில்லை. பசியறிந்து போட்ட சோற்றைப் பழிக்க வேண்டாம்.