கைப்பக்குவம் இனாம் இல்லை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அப்போ வலைப்பதிவில் சமையல் எழுதுறவங்க நம்ம குழுவுக்கு வந்தாங்க. குதிரைவாலிப் பொங்கல் சாப்பிட்டாங்க, படம் எடுத்தாங்க. எழுதினதில் குழு பெயரே இல்லை. நாமும் கேட்கலை.

இப்போது மறுபடி வருகிறோம் என்கிறார்கள். வரட்டும். இந்தத் தடவை ஒருநாள் பயிற்சியாகவே நடத்துவோம். 10 பேர் போதும். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிடணும். 'கண்ணளவு' என்று சொல்லாதீங்க. 1 டம்ளர் குதிரைவாலி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, 4 டம்ளர் தண்ணீர் என்று அளந்து காட்டுங்க. கரண்டியை அவங்க கையில் கொடுங்க. படம் எடுக்க ஜன்னல் ஓரமா ஒரு மேசை போடுங்க. குழு பெயர் போடுவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கணும். வரவு செலவு அன்றைக்கே கணக்கு நோட்டில் ஏறணும்.

நம்ம கைப்பக்குவம் இனாம் இல்லை, சகோதரிகளே.